பள்ளி திறக்கும் மாதத்தில் விழும் மரங்கள்

ஊரிலிருந்து வருகிறவர்கள் சிம்பன்சி பார்க்க வேண்டும் என்று கேட்டால், உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவுக்குக் கைகாட்டிவிடுவேன். 200 டாலருக்கு மேல் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். காவலர் முன்னே நடக்க, பின்னாலேயே போய் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வரலாம். நான் இருக்கும் ஹொய்மா பக்கம் சீட்டும் இல்லை, காவலரும் இல்லை, பூங்காவும் இல்லை. சிம்பன்சி மட்டும் உண்டு. மரவள்ளிக் கொல்லை முடிகிற இடத்தில், ஓடைக்கரை மரத்தில் கிளைகளை வளைத்துப் படுக்கை போட்டுத் தூங்கும். விடிந்ததும் இறங்கி யாரோ ஒருவர் வீட்டுப் பலா மரத்துக்குப் போகும். அந்த ஓடைக்கரையும் யாரோ ஒருவருக்குச் சொந்தமானதுதான்.

காடு என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வனத்துறைப் பலகையும் சோதனைச் சாவடியும்தான் நினைவுக்கு வரும். மேற்கு உகாண்டாவின் புன்யோரோ பகுதியில் கதை வேறு. வடக்கே புடோங்கோ, தென்மேற்கே புகோமா என்று இரண்டு பெரிய காடுகள். இரண்டுக்கும் நடுவே 40, 50 கிலோமீட்டர் தூரம் முழுக்க ஊர்களும் வயல்களும். வயல்களுக்கு ஊடே ஓடைகள். ஓடைகளின் இரு கரையிலும் சதுப்பு, பாப்பிரஸ் கோரை, காட்டு ஈச்சை, அத்தி, இன்னும் வெட்டாமல் விட்ட இடமாக இருந்தால் பெரிய பெரிய மஹோகனி. சில இடங்களில் இந்தக் கரைக்காட்டின் அகலம் 100 மீட்டர்கூடத் தேறாது. இவற்றில் பெரும்பாலானவை தனியார் நிலங்கள். அப்பா வழியில், தாத்தா வழியில் வந்தவை. வெட்டுவதா, விடுவதா என்று முடிவு செய்கிறவர் அந்த வீட்டுக்காரர்.

நான் கரும்புக்காரன். தமிழ்நாட்டில் ஒரு சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவில் இருந்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவன். விவசாயியிடம் பதிவு போடுவது, விதைக் கரணை கொடுப்பது, வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பை எத்தனை தடவை விடலாம் என்று சொல்வது, கரும்பை எப்போது வெட்டலாம் என்று ஆலை தரும் வெட்டு உத்தரவுக்கு நடையாய் நடக்கிறவர்களைச் சமாளிப்பது, இதெல்லாம்தான் என் தொழில். விலங்கு ஆராய்ச்சிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் நாள் முழுக்க விவசாயிகளோடு பேசுகிற வேலை என்பதால், ஓடைக்கரைகள் ஏன் சுருங்கிக்கொண்டே போகின்றன என்ற கதை தானாகவே காதில் விழுந்தது. அப்புறம்தான் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: இங்கே சிம்பன்சி பிழைப்பதும் பிழைக்காததும், விவசாயி கைக்குப் பணம் எந்த மாதம் வருகிறது என்பதில் பாதி இருக்கிறது.

எத்தனை சிம்பன்சிகள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். உகாண்டா முழுவதும் சுமார் 5,000 என்று 2000களின் தொடக்கத்தில் ஒரு மதிப்பீடு எடுத்தார்கள். அதில் மிகப் பெரும்பாலானவை பெரிய காடுகளில் இருப்பவை. நடுவில் இருக்கும் இந்தத் துண்டுக் காடுகளில் நூறுகூடத் தேறாது என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆய்வாளர்கள் ஓடை ஓடையாக நடந்து சிம்பன்சி மலத்தைச் சேகரித்து, மரபணுவைக் கொண்டு எது எந்த விலங்குடையது என்று பிரித்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளிவந்த அந்தக் கணக்கு 256 முதல் 319 வரை என்றது. குறைந்தது ஒன்பது கூட்டங்கள். யாரும் கணக்கில் வைக்காத நிலத்தில் முந்நூறு சிம்பன்சி!

இந்த முந்நூறு முக்கியமாவது எண்ணிக்கைக்காக மட்டுமில்லை. சிம்பன்சிகளில் ஆண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடும். பெண் பருவத்துக்கு வந்ததும் கூட்டத்தை விட்டுக் கிளம்பி வேறு கூட்டத்தில் போய்ச் சேரும். புடோங்கோவுக்கும் புகோமாவுக்கும் இடையே ரத்தக் கலப்பு நடக்க வேண்டுமென்றால், இந்த ஓடைக்கரைகள் வழியாக, இந்த நடுக் கூட்டங்கள் வழியாகத்தான் நடக்க வேண்டும். ஒரு பெண் சிம்பன்சி முதல் குட்டி போடவே 13, 14 வயதாகிவிடும். அதற்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு குட்டிதான். இருபது பேர் கொண்ட கூட்டத்தில் இரண்டு தாய்கள் செத்தால், அந்த இழப்பு சரியாவதற்குள் எங்கள் ஆலையில் இப்போது வேலைக்குச் சேர்ந்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிடுவார்.

ஹொய்மாவிலிருந்து மசிண்டி போகும் சாலையில் புலிண்டி என்று ஓர் ஊர். இங்கேதான் மேத்யூ மெக்லெனன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2006-இல் சிம்பன்சிகளைக் கவனிக்கத் தொடங்கினார். அவர் வந்த நேரத்தில் மரம் அறுப்பு சூடு பிடித்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் அந்தக் கூட்டம் சுற்றித் திரிந்த காட்டின் பெரும்பகுதி வயலாகிவிட்டது. சிம்பன்சிகள் எங்கேயும் போகவில்லை. போவதற்கு இடம் ஏது? பக்கத்து ஓடையில் வேறு கூட்டம் இருக்கிறது. அந்நிய ஆண் உள்ளே நுழைந்தால் அடித்தே கொன்றுவிடும். ஆகவே இருந்த இடத்திலேயே வாழக் கற்றுக்கொண்டன. குச்சியை வைத்து மண்ணைத் தோண்டிக் கொடுக்கில்லாத தேனீயின் தேனை எடுப்பது அவற்றின் பழைய வித்தை. அதோடு மாம்பழம், பலா, பப்பாளி, வாழை, கரும்பு எல்லாம் சேர்ந்துகொண்டன.

கரும்புத் தோட்டத்தில் சிம்பன்சியை நானே பார்த்திருக்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் பொங்கலுக்குக் கரும்பு தின்பது போலத்தான்: பல்லால் தோலை உரித்து, மென்று சாற்றை உறிஞ்சி, சக்கையை உருண்டையாகத் துப்பிவிட்டுப் போகிறது. ஒரு கூட்டம் வந்துபோனால் போவது சில பத்துக் கழிகள். காட்டுப்பன்றி ஒரே இரவில் அதைவிட அதிகம் சாய்த்துவிடும். பபூன் குரங்குகளின் அட்டகாசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கட்டுரை திசை மாறிவிடும். இங்கே அடிபடுவது என்னவோ சிம்பன்சி. பன்றிக்கும் பபூனுக்கும் என்று தோட்ட ஓரத்தில் இரும்புப் பொறி வைக்கிறார்கள். பழைய வண்டியின் பட்டை ஸ்பிரிங்கில் செய்தது, பல் வைத்தது. மனிதன் கால் வைத்தாலும் எலும்பு முறியும். சட்டப்படி குற்றம். அதில் சிம்பன்சிகள் கையையும் காலையும் விட்டுவிடுகின்றன. புலிண்டி ஆய்வாளர்கள் 2012-இல் இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்கள்.

இவ்வளவுக்கும் புன்யோரோ மக்கள் சிம்பன்சியைத் தின்கிறவர்கள் இல்லை. குரங்கு இனத்தின் இறைச்சியே இங்கே வழக்கத்தில் இல்லை. சிம்பன்சி நம்மைப் போல, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்பதுதான் பெரியவர்களின் பழைய பேச்சு. அந்தப் பேச்சு இப்போது குறைந்து வருகிறது. காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும். கியாமஜகா என்ற ஊரில் 2014 ஜூலையில், தாய் தோட்டத்தில் வேலையாக இருந்தபோது, அருகில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையை ஒரு சிம்பன்சி தூக்கிக்கொண்டு போய்விட்டது. குழந்தை பிழைக்கவில்லை. பிறகும் அவை வீட்டைச் சுற்றி வந்துகொண்டே இருந்தன. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தன. கடைசியில் அந்தக் குடும்பம் வீட்டையே விட்டுப் போய்விட்டது. இந்தப் பகுதியில் குழந்தைகள் தாக்கப்பட்டது அது ஒன்று மட்டுமல்ல. மரம் குறையக் குறைய, கொல்லையும் கிணற்றடியும் இரு தரப்புக்கும் பொது இடமாகிவிட்டன.

காட்டை வெட்டியதால்தானே வந்தது என்று தூரத்திலிருந்து சொல்வது சுலபம். பிள்ளையை இழந்த வீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்ல எவருக்கும் வாய் வராது. சிம்பன்சிகளைப் பிடித்து வேறு காட்டில் விட்டுவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. விட்ட இடத்தில் இருக்கிற கூட்டம் அவற்றைக் கொன்றுவிடும், காலியான காடும் எதுவுமில்லை. 2019-இல் வந்த வனவிலங்குச் சட்டம், விலங்குகளால் உயிரும் பயிரும் இழப்பவர்களுக்கு இழப்பீடு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் பக்கத்து விவசாயிகள் அந்தப் பணத்தை எதிர்பார்த்துத் திட்டம் போடுவதாக நான் பார்க்கவில்லை.

பலா மரம் இங்கே பெரிய தலைவலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம், கடல் கடந்து வந்து உகாண்டாவில் வீட்டுக்கு வீடு நிற்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டு வந்ததும் அதுதான் தீனி, சந்தையில் விற்றால் காசு, சிம்பன்சிக்கும் அதுதான் கொள்ளைப் பிரியம். வாசலில் பலா பழுத்தால் வாசலுக்கே சிம்பன்சி வரும். வீட்டருகில் இருப்பதை வெட்டிவிடுங்கள் என்பது ஒரு யோசனை. வெட்டினால் பிள்ளைகளின் வயிற்றுக்கு என்ன வழி? நட்டு வளர்த்த மரத்தை வெட்டச் சொல்கிறீர்கள், தானாக முளைத்த காட்டு மரத்தை வெட்டாதே என்கிறீர்கள் என்று ஒரு பாட்டி ஊர்க் கூட்டத்தில் கேட்டார். யோசனை சொல்ல வந்திருந்தவர்கள் சிரித்துச் சமாளித்தார்கள்.

சரி, மரத்தை ஏன் வெட்டுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். புன்யோரோவில் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரோடு ஒரு செல்லப் பெயரும் உண்டு. எம்பாக்கோ என்பார்கள். பன்னிரண்டே பெயர்கள், எல்லோரும் அவற்றுக்குள் அடக்கம். மரியாதைக்கும் அன்புக்கும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். யுனெஸ்கோ 2013-இல் அதைப் பாதுகாக்க வேண்டிய வழக்கங்களின் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அபூலி என்று வைத்திருக்கிறார்கள். என் பதிவு விவசாயி ஒருவரை இங்கே அமூட்டி என்கிறேன். ஊருக்குப் பத்துப் பேராவது அமூட்டி என்பதால் அவருக்குச் சங்கடம் வராது.

அமூட்டியின் நிலம் ஓடைவரை இறங்குகிறது. கீழே இருந்த கரைக்காட்டில் பாதி இப்போது இல்லை. ஒருநாள் அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே, ஏன் விற்றீர்கள் என்று கேட்டேன்.

"அபூலி, மரம் விற்றுக் குடித்தேன் என்று நினைக்கிறீர்களா? மூத்தவனைக் கட்டணம் கட்டிவிட்டு வா என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் இங்கே உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் மரக்காரன் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்."

மர வியாபாரிகளுக்குப் பள்ளி நாட்காட்டி மனப்பாடம். உகாண்டாவில் வருடத்துக்கு மூன்று தவணை. பிப்ரவரி வாக்கில் ஒன்று தொடங்கும், ஆண்டின் நடுவில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. தொடக்கப் பள்ளி 1997-லிருந்து இலவசம் என்று பெயர். சீருடை, சாப்பாடு, தேர்வு என்று அங்கேயும் செலவு வரும். மேல்நிலைக்குப் போனால், அதுவும் விடுதிப் பள்ளி என்றால், ஒவ்வொரு தவணைக்கும் மொத்தமாகக் கட்ட வேண்டும். பள்ளி திறக்கச் சில வாரம் இருக்கும்போது வியாபாரி, இங்கே 'போடா போடா' என்று சொல்லும் வாடகை பைக்கில் வந்து இறங்குவார். நின்ற மரத்துக்கு விலை பேசுவார். அவசரக்காரனிடம் பேசுகிற விலைதான். அதே மரம் கம்பாலாவில் பலகையாக விற்கும் விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. மறுநாளே ஆட்கள் வந்து குழி தோண்டி, தடியைக் குழிமேல் ஏற்றி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று ரம்பம் இழுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மரம் போன இடம் சும்மா இருக்காது. ஓடைக்கரை மண் ஈரமும் சத்தும் உள்ள மண். நெல் போடலாம், காய்கறி போடலாம். முன்பு புகையிலை இங்கே பெரும் பயிர். அதைப் பதப்படுத்தும் கொட்டகைகளுக்கு விறகாகவே ஏராளமான மரம் போயிற்று. இப்போது கரும்பு. ஓடையிலிருந்து 30 மீட்டருக்குள் பயிர் செய்யக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. அளந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. கரும்பு வந்ததால் விவசாயிக்கு வருமானம் வந்தது, சாலை வந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். என் சம்பளமும் அதில்தான். ஆனால் கரும்புப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு: மொத்தமாக வரும், தாமதமாக வரும். இங்கே நடவுக் கரும்பு வெட்டுக்கு வரப் பதினெட்டு மாதம்கூட ஆகும். வெட்டு உத்தரவு தள்ளிப்போனால் இன்னும் நீளும். எடைபோட்டுக் கணக்கு முடித்துக் காசு கைக்கு வருவதற்குள் நாலைந்து தவணைக் கட்டணம் கடந்து போயிருக்கும். அந்த இடைவெளியை நிரப்புவது மஹோகனி.

இதே மாவட்டங்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2011-இலிருந்து 2013 வரை, 121 ஊர்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் 60 ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஊர்களில் காடு வைத்திருப்பவர் மரம் வெட்டாமல் இருந்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 70,000 உகாண்டா ஷில்லிங். அப்போதைய மதிப்பில் சுமார் 28 டாலர். சிம்பன்சிச் சரணாலயம் நடத்தும் உள்ளூர் அறக்கட்டளை ஒன்று களத்தில் இதை நடத்தியது. செயற்கைக்கோள் படத்தை வைத்து ஒப்பிட்டார்கள். பணம் தராத ஊர்களில் மரப்பரப்பு 9.1 சதவீதம் குறைந்தது, தந்த ஊர்களில் 4.2 சதவீதம். முடிவுகள் 2017-இல் வந்தபோது உலகம் முழுக்கப் பேசினார்கள். காட்டைக் காப்பதற்குக் காசு கொடுத்தால் பலன் உண்டு என்று இவ்வளவு சுத்தமாக நிரூபித்த சோதனைகள் அபூர்வம்.

எனக்கு அதில் பட்ட விஷயம் வேறு. தகுதியானவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் சேர்ந்தார்கள். ஏன் என்று அமூட்டி போன்றவர்களிடம் கேட்டால் உடனே புரிந்துவிடும். இரண்டு ஹெக்டேர் கரைக்காடு வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 1,40,000 ஷில்லிங். நான் பார்த்த வரையில், மேல்நிலைப் பள்ளியில் ஒரு பிள்ளையின் ஒரு தவணைக்கே அது காணாது. பரப்பைக் கணக்கிட்டுக் கொடுத்த பணம், வீட்டின் தேவையைக் கணக்கிடவில்லை. அதோடு இரண்டு ஆண்டில் திட்டம் முடிந்தும் போனது. மரம் வெட்டாமல் இருப்பதற்குக் கூலி என்றால் கூலி நின்றதும் என்ன நடக்கும் என்ற கேள்வி தானே வரும்.

புலிண்டிக்காரர்கள் பிடித்த நுனி எனக்கு அதனால்தான் பிடிக்கிறது. மெக்லெனன் ஆய்வோடு நிற்கவில்லை. 2010களின் நடுவில் அவரும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து ஒரு சமூகத் திட்டமாகவே தொடங்கினார்கள். கரைக்காடு வைத்திருக்கும் குடும்பம் அதை வெட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டால், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி. வியாபாரி வருகிற அதே வாரத்தில் அந்த வீட்டுக்கு அவசரம் இல்லை என்றாகிறது. ஹெக்டேருக்கு எவ்வளவு என்ற பேச்சே இதில் இல்லை. கூடவே விறகு குறைவாகத் தின்னும் அடுப்பு. விறகுக்கும் கழிக்கும் காட்டுக்குள் போகாமல் இருக்க, சீக்கிரம் வளரும் யூகலிப்டஸ் கன்று. நிழல் மரங்களோடு காப்பிக் கன்று. காப்பியைச் சிம்பன்சி பெரும்பாலும் சீண்டுவதில்லை என்கிறார்கள் விவசாயிகள். அந்த ஒரு காரணத்துக்கே அதற்கு மவுசு. யூகலிப்டஸ் என்றால் நம் ஊரில் நிலத்தடி நீரைக் குடிக்கும் பேய் என்று திட்டுவோம். நானும் முகம் சுளித்தவன்தான். ஆனால் வீட்டுக் கொல்லையில் பத்து வரிசை தைல மரம் நின்றால் அந்த வீட்டுப் பெண் விறகுக்கு ஓடைக்குள் இறங்குவதில்லை, அத்தி மரமும் பிழைக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் படுவது ஆழ்துளைக் கிணறு. இங்கே தண்ணீர் எடுப்பது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. மஞ்சள் நிற எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரை ஊற்றுக்குப் போவார்கள். சிம்பன்சி எதிர்ப்படுவதும் அங்கேதான். ஊருக்குள் ஒரு கை பம்பு வைத்தால் பிள்ளைகள் காட்டுக்குள் போவதே நின்றுவிடுகிறது. குழந்தைக்கும் பாதுகாப்பு, சிம்பன்சிக்கும் நிம்மதி. வனவிலங்குப் பாதுகாப்புக் கூட்டங்களில் இதைக் கடைசி வரியில் சொல்கிறார்கள். அறிக்கைப் படத்தில் பம்பு அழகாக விழாது போலிருக்கிறது.

அப்புறம், உள்ளூர் ஆட்களையே சிம்பன்சிக் கண்காணிப்பாளர்களாக வைத்திருக்கிறார்கள். கூட்டம் இன்று எங்கே இருக்கிறது, எந்தத் தோட்டத்துப் பக்கம் திரும்புகிறது என்று அவர்களுக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்வார்கள். சிம்பன்சியைக் கண்டால் கல்லெறியாதே, ஓடாதே, பிள்ளைகளை முன்னால் விட்டு மெதுவாக நகர் என்று சொல்லிக்கொடுப்பார்கள். வெள்ளைக்காரர் சொல்வதற்கும் பக்கத்து வீட்டுப் பையன் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. திட்டுவதென்றால் அவனைத் திட்டலாம் அல்லவா, அந்த வசதியே பெரிது.

இந்த வழி புலிண்டியில் பிறந்ததல்ல. தான்சானியாவில் கொம்பே பூங்காவைச் சுற்றிய மலைகள் மொட்டையாகிக் கிடந்ததை 1990களின் தொடக்கத்தில் ஜேன் குடால் விமானத்திலிருந்து பார்த்தார். 1960-இலிருந்து அவர் கவனித்துவந்த சிம்பன்சிகள் வயல்களுக்கு நடுவே ஒரு துண்டுக் காட்டில் சிக்கியிருந்தன. 1994-இல் டகாரே என்ற திட்டம் தொடங்கியது. முதலில் ஊர்களில் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மக்கள் மருத்துவம், தண்ணீர், பள்ளிக்கூடம் என்று சொன்னார்கள். அங்கிருந்துதான் வேலை ஆரம்பித்தது. குடால் 2025 அக்டோபரில் காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் கறையானைக் குச்சியால் எடுத்துத் தின்ற சிம்பன்சிதான் அதிகம் வந்தது. எனக்கு அவர் செய்ததில் டகாரேதான் பெரிது. புடோங்கோவில் இன்னொரு உத்தி. 1990-லிருந்து அங்கே ஆய்வு நிலையம் இருக்கிறது. கண்ணி வைத்துச் சிறுமான் பிடிக்கும் வேட்டைக்காரர்கள் தொழிலை விட்டால் அவர்களுக்கு ஆடு கொடுத்தார்கள், ஆட்டுக்கு வைத்தியமும் பார்த்தார்கள். கண்ணியில் சிக்கிக் கையிழந்த சிம்பன்சிகள் அங்கே ஏராளம் என்பதால் வந்த யோசனை.

சுற்றுலா வைத்தால் என்ன என்று ஆலைக்கு வரும் விருந்தாளிகள் தவறாமல் கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் கட்சி. சுற்றுலாவுக்குச் சிம்பன்சியை மனிதர்களோடு பழக்க வேண்டும். மனிதனைக் கண்டு பயப்படாத சிம்பன்சி குழந்தைகள் விளையாடும் கொல்லையில் திரிவதை யாரும் விரும்ப முடியாது. நம் சளியும் காய்ச்சலும் அவற்றைக் கொன்றுவிடும் என்பது தனிக் கதை. 2020-இல் ஒரே மாதத்தில் சுற்றுலா நின்றுபோனதையும் பார்த்தோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. கட்டண உதவி நன்கொடைப் பணத்தில் நடக்கிறது. கொடுப்பவர் கை சோர்ந்தால் நின்றுவிடும். ஓடைக்கரை இல்லாத குடும்பத்துக்கு எதுவும் கிடைக்காது, அவர்களுக்கு மனத்தாங்கல் உண்டு. இதையெல்லாம் தாண்டிப் பெரிய அலை ஒன்று வந்துகொண்டிருக்கிறது. 2006-இல் ஆல்பர்ட் ஏரிக்கரையில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். இங்கிருந்து தான்சானியாவின் டாங்கா துறைமுகம் வரை 1,443 கிலோமீட்டர் குழாய். ஹொய்மா 2020-இல் மாநகரமானது. புழுதிச் சாலைகள் தார்ச்சாலைகளாகி வண்டிகள் பறக்கின்றன. புலிண்டியில் ஒரு சிம்பன்சி வண்டியில் அடிபட்டுச் செத்ததை 2016-லேயே ஆய்விதழில் பதிவு செய்திருக்கிறார்கள். அதே 2016-இல் புகோமா காட்டின் 22 சதுர மைல் கரும்புக்கென்று குத்தகைக்குப் போய், வழக்கு, போராட்டம் என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நிலத்தின் விலை ஏற ஏற, ஓடைக்கரையைச் சும்மா விட்டுவைப்பது விவசாயிக்கு முட்டாள்தனமாகத் தெரிகிறது. கட்டண உதவியால் மர வியாபாரியோடு மல்லுக்கட்டலாம். நிலத் தரகரோடு முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

என் தொழிலில் என்ன செய்யலாம் என்று யோசித்து, ஆலையில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். பதிவுக் கரும்புக்கு முன்பணம் கொடுக்கிற வழக்கம் ஏற்கெனவே உண்டு, உரத்துக்கும் உழவுக்கும். அதில் ஒரு பகுதியை மூன்றாகப் பிரித்து, பள்ளி திறக்கும் மூன்று மாதங்களிலும் கொடுத்தால் என்ன? ஓடையிலிருந்து 30 மீட்டர் விட்டவருக்கு மட்டும், வட்டி இல்லாமல். விதியில் ஏற்கெனவே இருக்கிற 30 மீட்டர்தான். நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஆலைக்கும் லாபம் உண்டு. கரை அரித்து வயலுக்குள் வண்டல் வந்து விழுவது குறையும், விவசாயி கரும்பை வேறு ஆலைக்குத் திருப்பவும் மாட்டார். மேலிடத்தில் சிரிக்கவில்லை, செலவு எழுதிக் கொண்டு வா என்றார்கள்.

அமூட்டியிடம் காட்டினேன். கணக்கை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"முன்பணம் என்றால் கடன்தானே? கரும்பு தீப்பிடித்தால் யார் கட்டுவது?"

பதில் சொல்லத் திணறினேன். கரும்புத் தீ இங்கே அடிக்கடி வருவது. காப்பீடு சேர்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். பிறகு அவர் ஓடைப் பக்கம் கையைக் காட்டி, "பணத்தை விடுங்கள், என் மகள் இன்னும் அங்கேதான் தண்ணீருக்குப் போகிறாள். ஆலையால் இந்த ஊருக்கு ஒரு பம்பு போட முடியுமா?" என்று கேட்டார்.

அதையும் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். தீக் காப்பீட்டுக்கு வழி கண்டுபிடித்தாயிற்று. பம்புச் செலவை எந்தத் தலைப்பில் போடுவது என்பதில்தான் கணக்குப் பிரிவோடு இழுபறி.